டொனலிக்குச் சொன்ன ஆட்டங்கள்

போன கிழமை மொன்றியலில் ஷேர்ப்ரூக் தெருப் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு பெண்பிள்ளை வந்து இருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள் போல. முதுகுப்பைக்குள்ளிருந்து ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பிடி ஒல்லி, நுனி அகலம், ஓரத்தில் ஒரு தகரப்பட்டி. பக்கத்தில் நின்றவர் “இது ஹொக்கி மட்டையா?” என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். அது ஹேர்லிங் என்ற அயர்லாந்து விளையாட்டின் மட்டை என்று சொல்ல என் வாய் உன்னியது. ஆனால் தலை நரைத்த ஒரு யாழ்ப்பாணத்தான் அதைச் சொன்னால் பஸ்ஸே திரும்பிப் பார்க்குமென்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த யோசனையில் இறங்கவேண்டிய இடமும் போய்விட்டது. திரும்பி நடந்து வரும்போது மழை தூறியது. யாரோ ஒருவருடைய நனைந்த கம்பளிச் சட்டையின் மணம் என்னைக் கடந்து போனது.

அந்த மணம் மிஸ்டர் டொனலியின் மணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் நானும் குணம் அண்ணையும் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர் டொனலி தனியாக இருந்தார். இளம் வயதில் அயர்லாந்திலிருந்து வந்து, தொலைபேசிக் கம்பங்களில் ஏறி வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் நாட்டின் மறுபக்கம் கல்கரியில். வெயில் காலத்திலும் கழற்றாத அந்தக் கம்பளிச் சட்டையோடு படியில் நிற்பார். நான் “குட் மோர்னிங்” சொல்வேன், அவரும் சொல்வார். ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் உறவு அவ்வளவுதான்.

என்னுடைய நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நகரத்துக்குள் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற வேலை. மெஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. குணம் அண்ணைக்கு இரவு வேலை. அவர் வீட்டுக்கு வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில், கனடாவுக்கு வரும் ஸ்பொன்சர் அலுவல் முடியும்வரை காத்திருந்தாள். சனிக்கிழமைகளில் ரெலிபோன் கார்ட் போட்டு எடுப்பேன். கார்ட் முடியப்போகிறது என்று ஒரு பெண்குரல் குறுக்கே வரும். அந்த அவசரத்தில் “சாப்பிட்டியோ, காய்ச்சல் சுகமோ” என்பதற்கு மேல் எதுவும் வராது. போனை வைத்த பிறகுதான் சொல்லவேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

டொனலி வீட்டுப் பின்வளவில் பெரிய டிஷ் அன்ரனா ஒன்று இருந்தது. இந்தக் காலத்துச் சின்னத் தட்டு இல்லை. ஒரு மாடு உள்ளே படுத்துறங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் உடுப்புக் காயப்போடப் பின்பக்கம் போனேன். டொனலி குசினி யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

“ஏய் தம்பி! அதைக் கொஞ்சம் பிடி. இடப்பக்கம். இன்னும். ஆ, நில், அசையாதை!”

அவர் கத்தியது ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவருடைய பேச்செல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே மாறிப் படிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்ரனா பிடிப்பது எனக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரீவி வந்த புதிதில், இந்தியாப் படம் தெளியும்வரை கூரையில் நின்று குழாயைத் திருப்பிய தலைமுறை நான். “வருதோ?” “இல்லை!” “இப்ப?” என்ற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அந்தப் பயிற்சி மொன்றியலில் உதவுமென்று யார் கண்டது?

அன்று அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, பால் விட்ட கடும் தேத்தண்ணி தந்தார். ரீவியில் பதினைந்து பேர் பதினைந்து பேரோடு மரக்கட்டைகளால் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு பார்த்தால் நடுவில் ஒரு சின்னப் பந்து. அதை மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள், ஆகாயத்தில் பிடிக்கிறார்கள், ஐம்பது யார் தூரத்துக்கு அடிக்கிறார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே குறுக்குத்தடிக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. எனக்கு அந்தக் கணக்குப் பிடிபட ஒரு கோடை போனது. ஆட்டத்தை அயர்லாந்திலிருந்து வேறெங்கோ அனுப்பும் சிக்னல் ஆகாயத்தால் போகும்போது இந்த டிஷ்ஷில் சும்மா விழுந்துகொண்டிருந்தது. பூட்டுமில்லை, காசுமில்லை. கோடைகால ஞாயிறுகள் அப்படியே பழகிவிட்டன. நான் கம்பத்தைப் பிடிக்க, அவர் யன்னலால் கத்த, பிறகு இரண்டு பேரும் சோபாவின் இரண்டு மூலையில். அவருடைய ஊர் அணியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். “எங்கடை ஆக்கள்” என்பார். எங்கடை ஆக்கள் பெரும்பாலும் தோற்பார்கள். தோற்றால் அன்றைக்கு அவர் பிறகு கதைக்கமாட்டார்.

இரண்டு கோடை கழிந்தது. மூன்றாவது கோடையின் முதல் ஞாயிறு நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். யன்னலில் சத்தமே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ரீவியில் கிழிந்த துணி மாதிரிக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ரிமோட்டை மடியில் வைத்தபடி டொனலி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூட்டிப்போட்டாங்கள்,” என்றார்.

யாரோ ஒரு கம்பனி கடலுக்கு இந்தப் பக்கத்துக்கான ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருந்தது. சந்தா கட்டினால் ஒரு பெட்டி தருவார்கள், அந்தப் பெட்டிதான் பூட்டைத் திறக்கும். நல்லது, கட்டுவோமென்று போன் எடுத்துக் கேட்டார். பப்புகளுக்கும் மண்டபங்களுக்கும் மட்டும்தான், வீடுகளுக்கு இல்லையென்று மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை மரியாதையாகச் சொன்னாள். நகரத்துக்குள் ஒரு ஐரிஷ் பப் அதை எடுத்திருந்தது. ஞாயிறு காலை வாசலில் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

“அப்ப அங்கை போவம்,” என்றேன் நான், பெரிய தீர்வு கண்டுபிடித்தவன் மாதிரி.

அவர் சட்டைப் பொத்தானைக் கொஞ்சநேரம் திருகினார். “மனிசி இருக்கேக்கையே குடியை விட்டனான். அவவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது. அந்தக் கதவுக்குள்ளை போனனெண்டால், தம்பி, பேந்து வெளியிலை வரமாட்டன்.”

அடுத்த ஞாயிறு நான் போனேன். வீட்டில் இருந்து கூரையைப் பார்ப்பதைவிட அது மேல். வேலை முடிந்து வந்து படுத்த குணம் அண்ணை போர்வைக்குள்ளால் எட்டிப் பார்த்தார்.

“உனக்கென்ன விசரே? ஆற்றையோ விளையாட்டைப் பாக்கக் காசு குடுத்துப் போறாய்?”

“அவருக்குச் சொல்லவேணும் அண்ணை.”

“ஓம், நல்லாச் சொல்லு,” என்று மறுபக்கம் திரும்பினார்.

பப்பில் பியர் மணமும் பொரித்த சொசேஜ் மணமும் முகத்திலடித்தது. எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். நான் ஒரு தூணோடு சாய்ந்து, கோலா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மெய்க்காவலன் மாதிரி நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது டொனலி குசினி மேசையில் தேத்தண்ணியோடு காத்திருந்தார்.

“சொல்லு. முதலிலையிருந்து.”

என்னுடைய ஆங்கிலத்துக்கு அது பெரிய சோதனை. சொல் வராத இடத்தில் கோப்பைகளை ஆட்டக்காரர்களாக வைத்தேன், சீனிக்கட்டி பந்து. எழும்பி நின்று அடித்தும் காட்டினேன். அவர் கேட்ட கேள்விகளுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? அந்த உயரமான பொடியன் இப்பவும் இடக்கையாலேயா அடிக்கிறான்? தோற்ற பக்கம் தலையைக் குனிந்துகொண்டா போனார்கள்? அடுத்த ஞாயிறு இதையெல்லாம் கவனித்துக்கொண்டு வந்தேன். மெல்ல மெல்ல, பார்க்கும்போதே எப்படிச் சொல்வதென்று மனம் அடுக்கத் தொடங்கியது. கிழமை முழுக்க நான் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் குசினி மேசையில் பேசியதற்குக் கிட்ட வராது. நான் இவ்வளவு கதைக்கக்கூடியவன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பிறகொரு வருஷம் எங்கடை ஆக்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். டொனலிக்கு நித்திரை போய்விட்டது. மேலே அவர் நடக்கும் சத்தம் எங்கள் கூரையில் கேட்கும். ஆட்டத்தன்று காலை, கம்பளிச் சட்டை இல்லாமல், கோட்டுப் போட்டு, ரையும் கட்டிக்கொண்டு படியில் நின்றார்.

“நானும் வாறன். உள்ளுக்கில்லை. வெளியிலை நிக்கிறன்.”

பப்புக்கு எதிரே ஒரு சப்பாத்துக் கடை பூட்டிக் கிடந்தது. அதன் படியில் அவர் இருந்தார். செப்டம்பர் வெயில் தெருவில் பாதிவரை விழுந்திருந்தது. வாசலில் நின்றவன் என் கையில் ஒரு முத்திரை குத்தினான், அதைக் காட்டினால் வெளியே போய்த் திரும்பி வரலாம். நான் போனேன், வந்தேன், போனேன். தெருவைக் கடந்து ஓடிவந்து “ரண்டு புள்ளி முன்னுக்கு” என்பேன். திரும்ப ஓடிவந்து “கோல் விழுந்திட்டுது, அவங்களுக்கு” என்பேன். வாசல்காரன் கடைசியில் முத்திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமம். அதைச் சொல்ல வந்தபோது டொனலி ரையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போ, போய்ப் பார்,” என்றார்.

எனக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு பெரிய கூச்சல் வந்தது. பிறகு ஒன்றுமேயில்லை. பிறகு இன்னொரு கூச்சல், அது நிற்கவேயில்லை.

“எங்கடை ஆக்களோ?”

“தெரியேல்லை.”

கூச்சலுக்கு எந்த ஊரென்று தெரிவதில்லை. கதவு திறந்து அவருடைய வயதில் ஒருவர் வெளியே வந்தார். முகம் சிவந்து அழுதுகொண்டிருந்தார். அழுகையை வைத்தும் ஒன்றும் சொல்லமுடியவில்லை. டொனலி எழும்பி நின்று தெருவுக்குக் குறுக்கே எதையோ கேட்டார். எனக்கு அது விளங்கவில்லை. அவர் என்னோடு பேசும் ஆங்கிலம் இல்லை அது, ஊர்ப்பேச்சு. அந்த மனிதர் அந்தக் குரலைக் கேட்டதும் கார்களைக்கூடப் பாராமல் கடந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

வென்றுவிட்டார்கள்.

“உள்ளுக்கு வா, ஒண்டு குடிப்பம். இண்டைக்குக் குடிக்காட்டிப் பிறகெப்ப?” என்று அவர் டொனலியின் கையைப் பிடித்து இழுத்தார். திறந்த கதவுக்குள் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். டொனலி அந்தக் கதவை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது.

“இல்லை,” என்றார் கடைசியில். “இந்தத் தம்பியை வீட்டை கூட்டிக்கொண்டு போகவேணும். இவனுக்கு வழி தெரியாது.”

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து கேத்திலை வைத்துவிட்டு, “சொல்லு. முதலிலையிருந்து,” என்றார். சொன்னேன். கடைசி நிமிஷங்களை நான் பார்க்கவில்லையே என்றபோது, “அதை நான் சொல்லுறன்” என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யார் பந்தை எடுத்தது, யாரை வெட்டிக்கொண்டு ஓடியது, எப்படி அடித்தது. நேரில் கண்டவர் மாதிரி. அது பிழையாக இருந்திருக்கலாம். எனக்கு அந்த ஆட்டம் இன்றைக்கும் அப்படித்தான் முடிகிறது.

கீழே இறங்கியபோது குணம் அண்ணை விழித்துக் கிடந்தார். “வெண்டவையோ?” என்றார்.

“ஓம் அண்ணை.”

“நல்லது,” என்றுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மனைவி வந்தாள். செயின்ட்-மிஷேலுக்கு வீடு மாறினோம். குணம் அண்ணை ரொறொன்ரோவுக்குப் போனார். டொனலிக்கு முழங்கால் விட்டுவிட்டது. மகள் வந்து வீட்டை விற்று அவரைக் கல்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டை வாங்கினவர்கள் முதல் வேலையாக டிஷ்ஷை வெட்டி எடுத்ததாக அறிந்தேன். நான் பிறகும் அந்தப் பப்புக்குப் போய், தூணோடு நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்த மனிசன் யாரோடு இப்படிக் கதைக்கிறார் என்று அதிசயமாகப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிறு அவருடைய மகள் போனை எடுத்தாள். அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார், உங்களுடைய நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். அன்று பார்த்து வந்த ஆட்டம் தொண்டைவரை அடுக்கி வைத்தபடி இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பப்புக்குப் போகவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தை யாருக்கும் சொல்லவுமில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும், யார் வென்றார்கள் என்பது நினைவுக்கு வருவதில்லை.