திரும்பிக்கொண்ட இரண்டு அட்டைகள்

எழுபதுகளில் ஒரு கோடையில் காஞ்சிபுரத்தில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. துளையிட்ட அட்டைகளால் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுப்பதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பது பாடம். கம்ப்யூட்டரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. குடும்பத்தில் முதலில் படித்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. மாதிரி வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு அட்டைக்கு ஒரு வரி. துளை இருந்தால் கரும்பலகையில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். முடிவில் அன்னப்பறவையின் படம் வர வேண்டும். வந்தது, தலை மட்டும் வாலுக்கு மேல் மிதந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

என் தங்கை சாப்பாட்டுடன் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் படிக்கவைக்க ஐந்தாவதோடு தறியில் உட்கார்ந்தவள்.

"மேல் அட்டை ரெண்டும் திரும்பிக்கினு இருக்குதுக்கா. நம்ம தறிப்பெட்டியில பூ விழறதுக்கு ஓடுற துளை அட்டை மாதிரிதானே இதுவும்?"

"யாரும்மா இது?" என்றார் பயிற்சியாளர்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சார்" என்றேன்.

"சாம்பார் ஆறிடும், டீச்சரம்மா" என்று தங்கை தூக்கை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "என் தங்கை சார். நெய்யுறவ" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அவள் அட்டைகளைத் திருப்பி வைத்தாள். அன்னத்துக்குத் தலை சேர்ந்தது.

"பக்கத்து வீட்டுக்காரி, நான் கிளம்புறேன்பா" என்று காதில் சொல்லிச் சிரித்தாள்.

இன்றும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.