தம்பிக்காக வளர்த்த மிளகாய்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிந்த கை, வீங்கிய முட்டி, சளி கட்டிய நெஞ்சு என்று வருகிறவர்களை மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, “மூச்சை இழுத்துப் பிடிங்க… பிடிங்க… ம், விடுங்க” என்று சொல்வது அவள் வேலை. பெரிய டாக்டருக்கே நெஞ்சு வலி வந்தபோது அவள் பிடி என்றதும் பிடித்தார், விடு என்றதும் விட்டார். தன் சொல்லுக்கு அடங்காத ஜென்மம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்பாள். அது அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பெண்டாட்டியோடு குடியிருந்தது. கூடப்பிறந்த தம்பி.

அவனுக்கு டயர்க்கடை. ஆளும் டயர் மாதிரிதான், எதைக் குத்தினாலும் சட்டென்று இறங்காது. அக்காவும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அம்மா செத்த அன்றைக்கு விட்ட பேச்சு.

அன்றைக்கு அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெருவே வந்து அழுதது. பால்காரர் அழுதார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, அம்மாவை இரண்டே தடவை பார்த்திருந்த பெண்கூட மூக்கைச் சிந்தினாள். பெற்ற பிள்ளையின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான், யார் யாருக்கோ போன் போட்டான், நாற்காலி பற்றுமா என்று பார்த்தான். அவன் முகத்தை விட்டு அக்கா கண்ணை எடுக்கவே இல்லை. இப்போது உடைவான், இதோ உடைந்துவிடுவான் என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து, கைகால் கழுவிவிட்டு வந்து அவன் கேட்ட முதல் கேள்வி, “அம்மாவோட ஃபிரிட்ஜை நான் கீழ எடுத்துக்கட்டுமா?”

“அப்படியே அம்மாவோட பல்செட்டும் டம்ளர்ல கிடக்கு, அதையும் எடுத்துட்டுப் போ” என்றாள் அக்கா.

ஃபிரிட்ஜ் மாடியிலேயே இருந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லையே தவிர சண்டையை விட்டுவிடவில்லை. அவள் சோப்புத் தண்ணீர் அவன் ஸ்கூட்டர் சீட்டைப் பார்த்துச் சொட்டியது. அவள் தலைக்கு ஷாம்பு போட்ட நேரம் பார்த்து அவன் தண்ணீர் மோட்டாரை அணைத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போயே தம்பி பெண்டாட்டிக்கு மூட்டு தேய்ந்தது. அதற்கும் அக்காதான் எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தாள்.

எடுக்கும்போது அந்தப் பெண் சும்மா இருக்கக் கூடாதா? பேச்சோடு பேச்சாகப் புருஷன் பெருமையை அவிழ்த்துவிட்டாள். “பச்சை மிளகாய் இல்லாம அவருக்குச் சோறு இறங்காதுக்கா. எவ்வளவு காரமா இருந்தாலும் கடிச்சுக் கடிச்சுத் தின்பாரு. கண்ணு கலங்காது.”

கண் கலங்காதாமே! அக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பெற்றவளுக்குக் கலங்காத கண்ணை மிளகாயை வைத்தாவது கலங்கடிக்கிறேன் பார் என்று அந்த இடத்திலேயே கங்கணம் கட்டிக்கொண்டாள். கடையில் கிடைக்கிற மிளகாயெல்லாம் அவனுக்கு வெள்ளரிக்காய். ஆகவே, தொட்டாலே கொப்புளம் கிளம்பும் என்று பயமுறுத்தி விற்கிற ஒரு ஜாதி மிளகாயின் விதையைத் தபாலில் வரவழைத்தாள்.

அவள் ஆயுளில் ஒரு செடி வைத்தவள் இல்லை. முதலில் வந்த விதைகளை மண்ணில் போட்டுத் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினாள். அத்தனையும் அழுகின. ஆஸ்பத்திரித் தோட்டக்காரரைப் பிடித்து விசாரித்ததில், இந்த மாதிரி கொடுங்கார ஜாதிக்குச் சூடு வேண்டும், கதகதப்பு இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் முளைக்காது என்றார். மறுபடி விதை வாங்கினாள். ஆறிப்போன லேசான டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத் துணியில் மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, வீட்டில் கதகதப்பான இடம் எது என்று ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துப் பார்த்தாள். அம்மாவின் பழைய ஃபிரிட்ஜ், அதன் தலையில், பின்பக்கத்து ஓரம். அங்கேதான் எப்போதும் ஒரு சூடு இருந்தது.

தினமும் டப்பாவைத் திறந்து பார்ப்பாள், திட்டுவாள், மூடுவாள். வாரங்கள் போயின. தூக்கிக் குப்பையில் போடலாம் என்று எடுத்த அன்று, வெள்ளையாக ஒரு வால் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னும் சில. கப்பில் நட்டதில் பாதி, கழுத்து மெலிந்து மண்ணில் சாய்ந்தன. மீதியை அசுவினிப் பூச்சி மொய்த்துச் சாறை உறிஞ்சியது. கடைசியில் பிழைத்து நின்றது ஒரே ஒரு செடி. அதை ஜன்னலோரம் தொட்டியில் வைத்து, வேலைக்குப் போகும்போது அறையையே பூட்டிக்கொண்டு போனாள்.

செடியை வாட்டினால் காரம் ஏறும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதைவிடப் பிடித்தமான வேலை உண்டா? இலை துவண்டு தொங்கும்வரை தண்ணீர் காட்ட மாட்டாள். “என்ன, தாகமா? வாடு. நல்லா வாடு. அவனை நெனச்சுக்கோ” என்பாள். பிறகு ஒரு டம்ளர் ஊற்றுவாள். பூ விட்டதும், ஜன்னலைத் திறந்தால் கீழே விஷயம் தெரிந்துவிடும் என்று தேனீயை நம்பாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியால் பூவுக்குப் பூ தானே தொட்டுவிட்டாள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அது அன்பு இல்லை, வெறும் வன்மம்.

காய் பச்சையாக வந்து, சுருங்கி, நுனியில் ஒரு குட்டி வாலோடு ரத்தச் சிவப்பாகப் பழுத்தது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு பழத்தைக் கீறி, கத்தி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அன்று முழுக்கப் பேச்சு வரவில்லை. வந்த நோயாளிகளுக்குக் கையை ஆட்டித்தான் மூச்சை இழுக்கச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள். “மேல ஒரு மிளகாய் இருக்காம், தின்ன முடியுமான்னு உன் புருஷனைக் கேளு. பயமா இருந்தா வர வேணாம்.”

“வேணாம்க்கா, அவருக்கு வயித்துப் புண்ணு இருக்கு.”

“அதைத்தான் சொல்றேன், பயமா இருந்தா வர வேணாம்.”

அதற்குமேல் அவன் நிற்பானா? படியேறி வருகிற காலடி கேட்டது. அக்கா கையுறையோடுதான் பழத்தைப் பறித்து வைத்திருந்தாள். தான் பயந்து உறை மாட்டியிருப்பதாக அவன் நினைத்துவிடக் கூடாதே என்று இரண்டையும் கழற்றி எறிந்தாள். அவன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் வெறுங்கையாலேயே பழத்தை இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியை விரலால் தள்ளினாள்.

“இதுவா?” என்றான்.

“இதுதான். முழுங்கக் கூடாது, மெல்லணும்.”

மென்றான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காது சிவந்தது. நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை கொட்டியது. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது. அவன் பெண்டாட்டி வாசற்படியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா நாற்காலி நுனிக்கு வந்து அவன் கண்ணையே பார்த்தாள். ரத்தமாகச் சிவந்திருந்தது. ஆனால் காய்ந்து கிடந்தது.

“அழுடா!” என்று கத்தினாள். “அம்மாவுக்குத்தான் அழல, இதுக்காவது அழு! நீயெல்லாம் மனுஷனா? கட்டையா?”

தம்பி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். விக்கலுக்கு நடுவே கேட்டான். “இதுக்குத்தானா இவ்வளவும்?”

“ஆமா, இதுக்குத்தான்.”

“சரி. அன்னிக்கு நீ அழுதியா?”

“என்னடா கேள்வி?”

“நீ அழுதியான்னு கேட்டேன். பால்காரர் அழுதாரு. எதிர்வீட்டுக்காரி அழுதா. நீ அழல. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே. ஒரு தடவையாவது அம்மா மூஞ்சியப் பார்த்தியா?”

பதிலுக்கு அவன் வாயைக் கிழிக்கிற மாதிரி ஒன்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அன்றைக்கு அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தாள். தம்பியின் சட்டை நிறம் ஞாபகம் வந்தது. மூன்று நாள் தாடி, அவன் போனைப் பிடித்திருந்த கை, எல்லாம் வந்தது. அம்மாவின் முகம் மட்டும் வரவில்லை. ஒன்றும் புரியாமல் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். மிளகாயை வகிர்ந்த கை.

அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. தம்பி பாய்ந்து ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து, முதலில் பாதியைத் தானே மடமடவென்று குடித்தான். பிறகுதான் அக்காவின் தலையைக் குழாயடியில் சாய்த்து, மீதியைக் கண்ணில் விட்டுத் தண்ணீரால் அலசினான்.

“கண்ணைத் தேய்க்காத, சனியனே. தேய்க்காதன்னா கேளு.”

அவன் பெண்டாட்டி ஃபிரிட்ஜை மூடப் போனாள். கதவு சரியாகச் சேராமல் மறுபடி திறந்துகொண்டது.

“ரப்பர் போயிருக்கு” என்றான் தம்பி. “அம்மா இருக்கும்போதே போச்சு. மாத்திக் குடுடா, மாத்திக் குடுடான்னு சொல்லிட்டே இருந்தாங்க. அதுக்குத்தான் கேட்டேன் அன்னிக்கு. பெரிசா பல்செட்டுன்னு பேச வந்துட்டே.”

“வாயை மூடுடா” என்றாள் அக்கா. கண் இரண்டும் கொட்டிக்கொண்டிருந்தது. “நான் ஒண்ணும் அழல. இது மிளகாய்.”

“தெரியுது.”

“மிளகாய்தான்டா.”

தம்பி அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எரிச்சல் அடங்கி, கண் வெள்ளையாகி வெகு நேரம் ஆன பிறகும் அக்கா குழாயடியை விட்டு எழுந்திருக்கவில்லை. மிளகாய், மிளகாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.