காசி படிக்கச் சொன்ன வரி

"கடைசியா இன்னா பண்ணீங்க மேடம்?"

"நான் ஒண்ணும் பண்ணல. செல்லிக்கா பெருக்கும்போது பிளக்கைப் புடுங்கிட்டாங்க."

"மெஷின் ஏதாவது சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம சாவாதுங்க அது" என்றார் காசி.

எந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் முன்பும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுவார். ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி, எங்கள் சாமை விவசாயிகள் சங்கத்துக்கு மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் பார்க்க வருகிறார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே விசிறி ஓடும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்பார்.

அன்று திரை நீலமாகி நின்றிருந்தது. "ரெஜிஸ்ட்ரி போயிருக்குது. எது எங்க கீதுன்னு அதுங்கிட்ட ஒரு பட்டியல் இருக்கும். அதுல யாரோ கைய வெச்சிருக்காங்க. கண்ணு முழிக்குது, எழுந்திரிக்கத் தெரியல."

காசி எட்டாவதோடு நின்றவர். கட்டளைகளை எழுத்தின் உருவம் பார்த்தே தட்டிவிடுவார். நீண்ட ஆங்கில வரி வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்வார். "நீங்க ரெண்டு பாஷையும் படிச்சவங்க. இன்னா போட்ருக்குது?"

கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு தேதிதான் மிஞ்சியிருந்தது. முந்தின நாள், மாலை நான்கு பத்து. அதன் பக்கத்திலேயே காரணமும் இருந்தது: ரெஜிஸ்ட்ரி கிளீனர், நீக்குவதற்கு முன். வேகம் போதவில்லை என்று அந்த மென்பொருளை இறக்கி, சிவப்பில் காட்டிய அத்தனையையும் அழித்தவள் நான். தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் விரல் அந்த வரியின் கடைசிவரை மெதுவாகப் போனது. பிறகு பொத்தானை அழுத்தினார். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்தது. சங்கத்து விவசாயிகளின் பட்டியல் அப்படியே இருந்தது.

செல்லிக்கா காலையிலிருந்து வாசலிலேயே நின்றிருந்தார். பிளக்கைப் பிடுங்கியதற்காக, நாளை முதல் பெருக்க வரவேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

"ஓடுதா சாமி? நான் பிளக்குப் பக்கமே போவல. தொடப்பம் பட்டு இழுத்துக்கிச்சோ இன்னாவோ, எனுக்கே இப்ப தெரியல."

"தொடப்பத்துக்கு அவ்ளோ படிப்பு ஏதுக்கா" என்றார் காசி.

செல்லிக்கா சிரித்தார். நான் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

காசி தன் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டப் போனவர் திரும்பி வந்தார். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அந்த வரில மிச்சம் இருந்ததையும் படிச்சிடுங்க மேடம். செல்லிக்காவுக்குப் புரியற மாதிரி."