காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

விண்ணப்பிப்பது ஒரு கலை என்று சொல்கிறவர்கள் விண்ணப்பித்து அறியாதவர்கள். அது ஒரு நோய். எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், விலங்கியல் பட்டப்படிப்பு முடிந்த கோடையில் வந்தது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் வேலையில் இருந்ததால் எனக்கு அது குணமாகவே இல்லை.

வடக்கே, கடலோரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் மேற்படிப்பு இருந்தது. அந்தத் துறைக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. மாணவர்களை அதில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்கள், பட்டுத்துணியில் தைத்த வலையை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடிப்பார்கள் என்று எங்கள் கல்லூரி விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அது போதுமாயிருந்தது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, வீட்டு மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கடலைப் பார்த்தவள் நான். அதன்மேல் ஒருமுறைகூடப் போனதில்லை. மீன்பிடி வள்ளத்தில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் எங்கள் வீட்டில் விட மாட்டார்கள். நாங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த வைணவக் குடும்பம். அப்பா பள்ளி ஆசிரியர். கடல் என்பது எங்களுக்கு அமாவாசையன்று கால் நனைக்கிற இடம்.

விலங்கியல் படித்ததே வீட்டில் ஒரு சமரசம். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் நாட்களில் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"என்னடி அறுத்தே இன்னிக்கு?"

"சுறா. அறுக்கலைம்மா, திறந்து பார்த்தேன்."

"திறந்து பாக்க அது என்ன டிரங்குப் பெட்டியா? கொல்லைப் பக்கமாப் போய்க் குளிச்சுட்டு உள்ளே வா. தலையோட."

என்னுடன் படித்தவர்களில் இன்னொருத்தியும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். புன்னைக்காயல்காரி. அவள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சொந்தமாக வள்ளம் இருந்தது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் என்றால் காய்ச்சல் வரும். எனக்கு மீன் வாடை என்றால் வரும். ஒருவர் காய்ச்சலை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்களின் நகல்களை இணைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். நகலைத் தட்டச்சு செய்தவன் பொய் சொல்ல மாட்டான், ஆனால் பச்சை மை இல்லாவிட்டால் சொல்லிவிடுவான் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. எங்களுக்குக் கிடைத்த அதிகாரி ஒரு கால்நடை மருத்துவர். ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் என் பட்டத்தை உண்மை என்று உறுதி செய்தார். அவருக்கு மாட்டையும் மாணவியையும் ஒருசேரச் சோதிக்கும் அதிகாரம் சட்டப்படி உண்டு. தோழியின் நன்னடத்தைச் சான்றிதழை வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்ல நடத்தையா? ஒரே வார்த்தையால்லா எழுதியிருக்காரு?" என்று சந்தேகப்பட்டார்.

"கல்லூரியில ஒரு நடத்தைதான் சார் இருந்துச்சு. பங்கு வச்சுக்கிட்டோம்" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு இருவருக்கும் வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. நான் சாப்பிட்டேன் என்றுதான் அம்மா பின்னால் சொன்னாள். சிப்பியின் வாழ்க்கைப் பருவங்களைத் தோழிக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். முட்டை, ட்ரோகோஃபோர், வெலிஜர் என்று அவள் அதைச் செபமாலை சொல்கிற ராகத்தில் மனப்பாடம் செய்தாள். பதிலுக்கு அவள் எனக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்தாள். எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், எதில் கலங்கும், முத்துச்சிப்பி கிடக்கிற பார், அந்தக் கடலடிப் பாறைத்திட்டு, எத்தனை பாக ஆழத்தில் இருக்கும் என்று. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். அவள் கையை விரித்துக் காட்டுவாள். நான் குறித்துக்கொள்வேன்.

"ஏளா, இதெல்லாம் எழுதுவாவளா யாராவது? காதுல கேட்டா போதாதா?"

"கேட்டதை மறந்துட்டா?"

"கடல மறப்பாங்களா, கிறுக்கி."

அப்பா துணைக்கு வந்தார். ரயிலில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தேர்வுக்குப் போவது தானே என்பதுபோல் வியர்த்துக்கொண்டிருந்தார். தயிர்சாதத்தை மூன்று பேருக்கும் பிரித்தார். தோழி கொண்டுவந்திருந்த பொட்டலத்தை மரியாதைக்காக அவள் பிரிக்கவேயில்லை. அதில் என்ன இருந்தது என்பது மூக்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

தாழ்வாரத்தில் ஒரு மரப்பெஞ்சு. முழுதும் பையன்கள். ஒவ்வொருவனும் வெளியே வந்ததும் மற்றவர்கள் மொய்த்துக்கொண்டு, "என்ன கேட்டாங்க?" என்று கேட்டார்கள். வந்தவன் எதையாவது சொல்லிப் பீதியைக் கிளப்பிவிட்டுப் போனான். அங்கேதான் இன்னொரு செய்தியும் தெரிந்தது. பெண்கள் விடுதியில் ஒரே ஓர் இடம்தான் காலியாம். அதனால் எடுத்தால் ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்களாம். பெஞ்சில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு தோழி தன் புடவை மடிப்பைச் சரிசெய்யத் தொடங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நான் புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்திருந்த எதையும் அவர்கள் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடியா! அப்ப முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்மா" என்றார். தூத்துக்குடியில் பிறந்தவர்கள் எல்லோரும் காலையில் பல் தேய்த்ததும் முத்துக் குளிக்கப் போவதாக வெளியூரில் ஒரு நம்பிக்கை உண்டு.

பங்குனியில் கடல் அடங்கித் தண்ணீர் தெளியும் என்றேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்கினால் கலங்கிவிடும் என்றேன். எல்லாம் தோழி சொன்னது.

"அடியில இறங்கினவரோட கயிறை மேல யாரு பிடிப்பாங்க?"

"மச்சான் சார். பெண்டாட்டி கூடப் பிறந்தவன்."

"அது ஏன்?"

"கயித்த விட்டா அவன் அக்காதான் சார் தாலியறுப்பா."

அது அவளுடைய வாக்கியம், அவளுடைய ஊர்ப் பேச்சிலேயே என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஐந்து பேரும் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருவர் சிரித்து முடித்துவிட்டு, "நீ கடலுக்குள்ள போயிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை சார்."

"நீச்சல்?"

"தெரியாது சார்."

அவர் எதையோ எழுதினார். எழுதுகோலை அவர் மூடிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அவள் போனாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"ஏளா, சிப்பி பொறக்குறதுலருந்து பெருசாவுறது வரைக்கும் கேட்டான். ஒங்கிட்ட ஒப்பிச்சனே, அதே ராகத்துல சொன்னேன். கடலப் பத்தி ஒரு கேள்வி இல்ல. ஒனக்கு?"

"கடல் மட்டும்தான்."

அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கேள்வித்தாள் மாறிப்போயிடுத்து" என்றார், ஆசிரியராக.

முடிவு ஜூலையில் வந்தது. அவள் பெயர் தேர்வுப் பட்டியலில் இருந்தது. என் பெயர் காத்திருப்போர் பட்டியலில், முதலாவதாக. அதன் பொருளை அறியாதவர்கள் என்னைத் தேற்றினார்கள். எனக்குப் பொருள் தெரியும். அவள் குறித்த நாளுக்குள் சேராவிட்டால் அந்த இடம் எனக்கு. வேறு வழியில் கிடையாது. நான் கடலுக்குப் போக வேண்டுமானால் அவள் போகக் கூடாது. இப்படி ஓர் ஆசையை மனிதர்களுக்கு அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறோம் என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை. பின்னாளில் நானும் பட்டியல் போட்டேன், யோசித்ததில்லை.

அந்தக் கடிதத்தை நான் முன்பக்கமும் பின்பக்கமும் படித்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. எனக்குக் கவிதை படிக்கிற பழக்கம் இல்லாததால் அவற்றை மனப்பாடம் செய்தேன்.

சேர வேண்டிய வாரம் வந்தது. அப்போதுதான் புன்னைக்காயலிலிருந்து செய்தி வந்தது. அவள் அண்ணன் போன வள்ளம் திரும்பவில்லை. கூடப் போன வள்ளங்கள் வந்துவிட்டன, அது மட்டும் வரவில்லை. அப்பாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம்.

வீட்டில் அவள் அம்மா மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா ஆண்களோடு வெளியே நின்றுகொண்டார். தோழி கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின்மேல் சாய்ந்து நின்றாள்.

"வந்துட்டியா. ராத்திரி காத்து அடிச்சதுல பாய்மரம் ஒடிஞ்சிருக்கும்னு சொல்லுதாவ. எங்கயாவது கரை தட்டியிருப்பான். வந்துருவான்."

"வந்துடுவார்."

"வருவான். ஆனா எப்பம்னு தெரியாது. அவன் வார வரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தரும் ஊர் தாண்டக் கூடாது. அம்மா சொல்லுதா. சொல்லாட்டாலும் நான் போவ மாட்டேன்."

நான் அவள் பக்கத்தில் போய் வள்ளத்தில் சாய்ந்துகொண்டேன்.

"நீ போ ளா" என்றாள். "அடுத்தது ஒம் பேருதான. ரெண்டு பேருல ஒருத்தியாவது அந்தப் படகுல ஏறுங்க."

அவள் சொன்ன கணத்திலேயே என் மனதில் படகு புறப்பட்டுவிட்டது. அந்தப் படகில் நான் நின்றுகொண்டிருந்தேன். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கண்ணாடிக் குப்பி. விடுதி அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தேன். நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளித் தண்ணீரை வைத்துக் குனிந்து பார்த்தேன். வீட்டில் யாரும் என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லவில்லை. ஒரு முழு வாழ்க்கை, வரிசை கெடாமல், அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தந்தி கொடுத்தா நாள் நீட்டிப்பா" என்றேன்.

"என்னது?"

"கடைசித் தேதிக்கு முன்னாடி காரணம் சொல்லித் தந்தி கொடுத்தா, துறைத் தலைவர் நாள் தரலாம். கடிதத்துக்குப் பின்பக்கம் போட்டிருக்கே. படிக்கலையா நீ?"

"பின்பக்கத்த எவ படிப்பா?"

"நான் படிப்பேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஏளா, ஒனக்கு மூளை கலங்கிட்டா? நான் போவலன்னா அது ஒனக்குல்லா வரும்."

"தெரியும். உன் வீட்டு முகவரியைச் சொல்லு."

இதைப் பெருந்தன்மை என்று அவள் இன்றுவரை சொல்லிவருகிறாள். நான் மறுப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது பெருந்தன்மை அல்ல. நாள் நீட்டிப்புக்கு வழியிருக்கும்போது ஓர் இடம் காலாவதியாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கோணலாக மாட்டிய படத்தைச் சிலர் நிமிர்த்தாமல் போக மாட்டார்களே, அந்த இனம். அந்தப் படம் என் சுவரில் இல்லை என்பது வேறு விஷயம்.

தபால் அலுவலகத்தில் தந்தி வாசகத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். சொல்லுக்குக் காசு என்பதால் அதில் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. தாளை வாங்கிப் படித்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"காணாமப் போனது ஒங்க அண்ணனா?"

"இல்லை. தோழியோட அண்ணன்."

"பொறவு நீங்க எதுக்கு அழுவுதிய?"

நான் அழுவது அதுவரை எனக்கும் தெரியாது. "ரசீது கொடுங்க" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் தந்தி விஷயத்தைச் சொன்னதும் அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "சொல்லாம இருந்திருந்தா உன்னை யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டா" என்றார்.

"தெரியும்ப்பா."

"துறைமுகத்துல டைப்பிஸ்ட் எடுக்கறாளாம்" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

அண்ணன் வந்துவிட்டான். ராமேசுவரம் பக்கம் கரை தட்டி, யாரிடமோ கடன் வாங்கிய சட்டையோடு, பஸ்ஸில் வந்து இறங்கினான். ஊரே கோயில் மணி அடித்துக் கொண்டாடியது. துறைத் தலைவர் நாள் நீட்டித்திருந்தார். அவள் போனாள். ரயில் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். "மாற்றுச் சான்றிதழின் அசலை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டு அதைத் தடுத்துவிட்டேன்.

நான் துறைமுகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கப்பல்களில் ஏறுகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவது சில ஆண்டுகள் என் மேசையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஒருமுறை ஓர் ஆய்வுக் கப்பல் வந்தது. அதன் விஞ்ஞானிகளில் அவளும் ஒருத்தி. சீட்டுகளைப் பியூனிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"ஏளா! ஏறி வா!"

"சீட்டு இல்லாம ஏறக் கூடாது."

"அத எழுதுறதே நீதான!"

"எனக்கு நானே எழுதிக்க முடியாது. விதி."

உண்மையிலேயே அப்படி ஒரு விதி உண்டு. மேலதிகாரியிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். அன்று அவர் விடுப்பில் இருந்தார். கப்பல் மறுநாள் புறப்பட்டுவிட்டது. அது அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிச் சிறிதாகும்வரை துறைமுக மேடையில் நின்றிருந்தேன். அலுவலகத்தில் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

இப்போது அவளும் ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். மூட்டு வலி, மருமகள், சம்பளக்குழு எல்லாம் பேசி முடித்தபின் நான் எப்போதும் ஒன்றைக் கேட்பேன். அந்தப் படகில் முதன்முதலாகப் போன நாளைப் பற்றி. ஒருமுறை, தண்ணீர் பச்சையாக இருந்தது என்பாள். அடுத்தமுறை, கருநீலம். ஒருமுறை, கடலோடி மகளான தானே வாந்தியெடுத்ததாகச் சொல்லிச் சிரித்தாள். இன்னொருமுறை, வாந்தியெடுத்தவன் பக்கத்தில் நின்ற பையன். முன்னுக்குப் பின் முரணான விவரங்களுக்காக நான் எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளிடம் ஒன்றையும் திருத்துவதில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அப்புறம்?" என்கிறேன்.