ரபியாவின் அறுபது மில்லி

கண்ணாடிக் கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோப்பையைச் சுற்றிக் கட்டியிருக்கும் சிவப்பு நூலுக்கு மேலே இம்மியளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார் ரபியா. ஏறித்தான் இருக்கிறது. தேக்கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஜாடியில் விடுகிறார். மறுபடி தூக்கிப் பிடிக்கிறார். "ம், அளவுக்கு வந்துருச்சு. இந்தாங்க, பிஸ்மி சொல்லிட்டுக் குடிங்க." சாய்வு நாற்காலியில் கிடக்கும் அவருடைய கணவர் ஹனீபா வாங்கிக்கொள்கிறார். கோப்பையில் இருப்பது அறுபது மில்லி. இருமல் மருந்தைக்கூட ஜனங்கள் இதைவிடத் தாராளமாகக் குடிப்பார்கள்.

கிளமெண்டியில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் டயாலிசிஸ் நிலையம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி. ஹனீபாவுக்கு ஐந்தாம் நாற்காலி, எனக்கு ஆறாவது. என் பெயர் மாணிக்கம். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவன். அத்தனை வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றவனுக்கு இப்போது ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர். காலைக் காப்பி, மாத்திரை விழுங்கும் மடக்கு, குழம்பு, எல்லாம் அதற்குள்ளேதான். சிறுநீரகம் கைவிட்டவன் குடித்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. மெஷின் எடுத்தால்தான் உண்டு. மெஷின் இல்லாத நாளில் ஆசைப்பட்டு நாலு டம்ளர் குடித்தால், அது நேரே நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாகும்வரை தாகத்தோடு இருக்க வேண்டும், தாகத்தைத் தீர்த்துக்கொண்டால் செத்துப்போவோம். இந்த அழகில் இருக்கிறது எங்கள் பிழைப்பு.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்மணி வாரம் மூன்று நாள் விதவிதமான பானம் செய்து எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால், அவருக்குப் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரபியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை வைத்திருக்கிறார். தலைத்துணியில் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருக்கும். ரவிக்கை, மலாய்ப் பெண்களின் பாஜூ கூரோங், சீனப் பெண்களின் கல்யாணக் கவுன் என்று எதுவும் அவர் கைக்கு வரும். துணியைக் கொடுத்துவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. அளவெடுத்துக்கொண்டே கேட்பார்: "உங்க வீட்ல வெயிலுக்கு என்ன செஞ்சு குடிப்பீங்க?" புடவைக்கு ரவிக்கை தைக்க வந்த ஒரு ஜப்பான்காரப் பெண், பார்லியை நன்றாகக் கருக வறுத்துத்தான் தண்ணீரில் போடுவோம், சர்க்கரையே வேண்டாம் என்றாளாம். அவர் குடியிருக்கும் புளோக்குக்கு வண்ணம் பூச வந்த வங்காளத் தொழிலாளி ஒருவர், மாங்காயை அடுப்பில் சுட்டுப் பிழியச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வண்ணம் பூசி முடிக்கும்வரை மூன்று வாரம், தினம் பத்துப் பேருக்கு ஒரு வாளி சுட்ட மாங்காய் சர்பத் கீழே இறங்கியது. "அவங்களுக்கு நூல் கட்ட வேணாம்லா. வாளியோட குடிக்கட்டும்."

எங்களுக்குத்தான் நூல். ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு நிறம். எனக்குப் பச்சை. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் மட்டும் கொடுக்கலாம் என்று நர்ஸ் இளமதியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பானத்திலும் என்ன சேர்கிறது என்று எழுதி முதலில் இளமதியிடம் காட்டுவார். இளமதி பேனாவால் அடிக்க அடிக்க, மறுபேச்சு இல்லாமல் விட்டுவிடுவார். இளநீர் போயிற்று. உலகத்துக்கே நல்லதான இளநீர் எங்களுக்கு ஆகாது. புளி போயிற்று, ஆரஞ்சு போயிற்று. உப்புப் போட்ட எதுவும் வரக்கூடாது. மிச்சமிருக்கிற பொருள்களை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் செய்கிற ஜாலம்தான் அந்த அறுபது மில்லி.

முதல் நாள் என்னிடம் வந்து, "அண்ணே, உங்களுக்குத் தாகம் எடுத்தா முதல்ல என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பட்டினி கிடப்பவனிடம் பிரியாணியைப் பற்றிக் கேட்பார்களா?

"ஒண்ணும் ஞாபகம் வரல" என்றேன்.

"பொய் சொல்றீங்க. தொண்டை ஏறி எறங்குது, பாக்குறேன்ல."

அப்புறம் சொன்னேன். நீர்மோர், இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கையால் கிள்ளிப் போட்டு. அடுத்த வியாழக்கிழமை பச்சை நூல் கட்டிய கோப்பை வந்தது. உப்பு இல்லை. ஆனால் இஞ்சியும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்து உப்பு இல்லாத குறையைத் தெரியவிடாமல் செய்திருந்தன. இரண்டு மடக்குதான். நான் அழுதுவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் சொல்வதற்கு என்ன வெட்கம்?

"வயித்துக்குக் குடிக்கிறது வேற, வாய்க்குக் குடிக்கிறது வேறண்ணே" என்றார் ரபியா. "வயித்தை நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. வாயை ஏமாத்தலாம்."

மூன்றாம் நாற்காலியில் கோ அங்கிள். டாக்ஸி ஓட்டியவர், எதற்கும் முகம் மாறாத மனிதர். அவருக்குப் பார்லித் தண்ணீர். சீனர்கள் போடும் பூசணி மிட்டாயில் நகத்தளவு போட்டு, பார்லியை மட்டும் அந்த ஜப்பான் பெண் சொன்ன மாதிரி வறுத்து. குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு நிமிஷம் மூக்கருகிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாற்காலியில் மலாய்க்கார அம்மாள் ரொஹானா மக்சிக். அவருக்குப் பண்டுங் என்கிற ரோஜாப் பால், பால் பேருக்கு ஒரு கரண்டி, ரோஜா வாசம் மட்டும் தூக்கலாக. ஹனீபாவுக்கு நன்னாரி, சப்ஜா விதை ஊறவைத்து. "விதை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். வாய்ல கொஞ்ச நேரம் நின்னு போகும்ல?" நாலு பேருக்கு மொத்தம் கால் லிட்டர்கூட வராது. அதற்கு முதல் நாள் சாயந்திரமெல்லாம் அடுப்படியில் நிற்பார்.

இந்த ஆண்டு ரமலான் வந்தது. ரபியா நோன்பு. ஹனீபாவுக்கு நோன்பு வைக்க அனுமதியில்லை. ருசி பார்க்காமல் எப்படிச் செய்வார் என்று எனக்குக் கவலை. "மூக்கு எதுக்கு இருக்கு?" என்றார். ஜாடிக்கு மேலே குனிந்து முகர்ந்து பார்த்தே எலுமிச்சை போதுமா என்று சொன்னார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. உதடு வெடித்துப்போயிருக்க, காலையிலேயே மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. சனிக்கிழமை மெஷினை விட்டு இறங்கினால் எங்களுக்குச் செவ்வாய்தான் மறுபடியும். திங்கட்கிழமை காலையில் ஹனீபாவுக்கு மூச்சு முட்டி, படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆம்புலன்ஸ். ஒரே இடைவெளியில் நாலு கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ரபியாவுக்குப் புரியவே இல்லை. சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு அறுநூற்று எண்பது, அதற்கு முன்னால் எழுநூறு, எல்லாம் சரியாக எழுதியிருந்தார். ஹனீபா திருட்டுத்தனமாகக் குடித்திருப்பாரோ என்று டாக்டர் கேட்டபோது, "என் புருஷனை எனக்குத் தெரியும் டாக்டர்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னாராம்.

திரும்பி வந்த அன்று இளமதி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டது. "ஆன்ட்டி, சாயந்திரம் நீங்க நோன்பு திறக்குறப்ப அங்கிளும் கூட உக்காருவாரா?"

"உக்காருவாரு. தனியா நான் எப்படிச் சாப்புடுறது?"

"என்ன சாப்பிடுவாரு?"

"பள்ளிவாசல் கஞ்சிதான். நான்தான் தேக்காவுலேர்ந்து வர்றப்ப வாங்கிட்டு வருவேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு கோப்பை. ஆசையாச் சாப்புடுவாரு." சொல்லிக்கொண்டே வந்த ரபியா நிறுத்திவிட்டார். "அது சோறுதானேம்மா. அரிசி, பருப்பு, கறி போட்டது. அது எப்படித் தண்ணில சேரும்?"

நோன்புக் கஞ்சியில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதற்கு மேல் உப்பு. சப்ஜா விதை எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்த பெண், பிறந்ததிலிருந்து பசிக்குச் சாப்பிட்டு வந்த கஞ்சியை அளக்கவில்லை. நோன்புக் கஞ்சியோடு வளர்ந்த யாருக்குத்தான் தோன்றும்? மூன்றாம் நாற்காலியிலிருந்து கோ அங்கிள் இருமினார். தினம் காலையில் தானும் பொரிட்ஜ் குடிப்பதாகவும், அதை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை என்றும் சொன்னார். "பொரிட்ஜ் நாட் வாட்டர், வாட்" என்றார் பரிதாபமாக. ரொஹானா மக்சிக் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். புபூர் என்று அதே கஞ்சி அவர் வீட்டிலும் உண்டு. அன்றைக்கு இளமதி எங்கள் எல்லோருக்கும் விட்ட டோஸ் தனிக்கதை.

ஆனால் ரபியாவுக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை. "நான்தான் ஊட்டிவிட்டேன். மவுத்து வரைக்கும், சாவு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டேன்" என்று சொன்னார். அதோடு பானம் நின்றுபோனது. கோப்பைகள் வரவில்லை. செவ்வாய், வியாழன், சனி, கணவர் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் மருந்து மூடியில் அளந்து வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கிறார் என்று ஹனீபா என்னிடம் சொன்னார். ஹனீபா மெலிந்துகொண்டே போனார். சாப்பாடு இறங்கவில்லை. "ஆன்ட்டி, அங்கிள் இப்படியே போனா உடம்பு தாங்காது" என்று இளமதி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டது. நானும் என் பங்குக்கு, "தங்கச்சி, தப்பு கஞ்சியில, உங்க கையில இல்ல" என்றேன். "ஒரு தடவை அளவு தப்பின கை தப்பினதுதாண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோன்புப் பெருநாள் சனிக்கிழமை வந்தது. மெஷினுக்குப் பெருநாள் கிடையாது. தொழுகை முடிந்து, அன்றைக்கு மட்டும் தாமதமாக, புதுச் சட்டையோடு ஹனீபா வந்து ஏறினார். ரபியா தானே தைத்த ஊதா நிற உடுப்பு. நாங்கள் வாழ்த்துச் சொன்னோம், தலையாட்டினார். மெஷின் ஓட ஆரம்பித்துக் கால் மணி ஆகியிருக்கும்.

"ரபியா" என்று கூப்பிட்டார் ஹனீபா. "எனக்குத் தாகமா இருக்கு."

ஐந்து வருஷமாக அவர் பக்கத்தில் கிடக்கிறேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மனைவி துடித்துப்போவார் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்தேதான் சொன்னார்.

ரபியா மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே தெர்மாஸ் இருந்தது. புதினாவும் எலுமிச்சையும் போட்டு உறையவைத்த சின்னச் சின்னப் பனிக்கட்டிகள்.

"ஆன்ட்டி, இது எத்தனை நாளா?" என்றது இளமதி.

"ஒவ்வொரு தடவையும்தான் கொண்டு வர்றேன். திறக்கத் தைரியம் வரல." தெர்மாஸை இளமதி பக்கம் நீட்டினார். "ஒண்ணு பதினஞ்சு மில்லி. குடுக்கலாமாம்மா?"

"தாராளமா குடுங்க ஆன்ட்டி."

ஹனீபாவின் இடது கையில்தான் ஊசி, வலது கை சும்மாதான் இருந்தது. அந்தக் கை நீண்டது. ரபியா கையில் கொடுக்கவில்லை. முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் நாலு பேர் பார்க்கக் கணவரைத் தொட்டுக்கூடப் பேசாத மனுஷி, கட்டியைத் தன் விரலாலேயே எடுத்து அவர் வாயில் வைத்தார். ஹனீபா கண்ணை மூடிக்கொண்டார். கோ அங்கிள் எதையும் பார்க்காதவர் போலச் சுவரைப் பார்த்தார்.

கட்டி உருகி, ஒரு துளி ஹனீபாவின் உதட்டோரத்தில் வழிந்து தாடிக்குள் இறங்கப் போனது. கைக்குட்டை ரபியாவின் மடியிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலால் அந்தத் துளியை வழித்து, மறுபடியும் அவர் உதட்டிலேயே வைத்தார்.