பாத்துப் போங்க

ஜவுளிக்கடையில் எல்லோரும் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் படியேறி உள்ளே வருவதற்குள் அவருடைய சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். பிறகு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் அரை விரல்கூட முன்னே பின்னே இருக்காது. தொப்பை உள்ளவர்களுக்குக் கால் மீட்டர் கூடுதலாக வெட்டுவார். ஆனால் காரணத்தை ஒருநாளும் சொன்னதில்லை. "தோள் அகலம் சார் உங்களுக்கு" என்பார். வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். இருபத்து நான்கு வருடத்தில் ஊரில் பாதிப் பேரை இப்படி அகலத் தோள்காரர்களாக ஆக்கிவிட்டவர் அவர்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடை முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் துணி வெட்டி விற்பதை நிறுத்திவிட்டு எல்லாம் ரெடிமேட் என்று ஆக்கிவிட்டான். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, "அண்ணே, உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலை ஏணி போட்டு ஏறி, புதிதாக வந்த துணிக்கட்டுகளை வியர்க்க விறுவிறுக்க அடுக்கியிருக்க மாட்டார். கிளம்பும்போது நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சட்டைத் துணி கொடுத்தார்கள். நான்கு வருடமாக அவராலேயே யார் தலையிலும் கட்ட முடியாமல் போன பச்சைத் துணி அது. கடைசியில் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் வீட்டில் இருந்தார். ஆரம்பத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும் வயதைக் கேட்டார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிறகு வெளியே போவதையும் குறைத்துக்கொண்டார். அலமாரியில் இருக்கும் துணிகளை எல்லாம் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாக உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அடுக்குவார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொட்டுவார். அவர் மனைவி பல வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "மடிச்சதையே மடிச்சா புதுசாயிடுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே அழுகை வந்துவிட்டது. இவர் கையில் இருந்த தலையணை உறையைப் பாதி மடித்தபடியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கீழ் வீட்டுக்காரர் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். அவர்தான் ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "எங்க ஆஸ்பத்திரியில துணி மடிக்கத் தெரிஞ்ச ஆளு கேக்கறாங்க. போய்ப் பாக்கறீங்களா?" என்றார். சலவைப் பிரிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். கீழ்த்தளத்தில், நீண்ட நடைபாதையின் கடைசிக் கதவு. தள்ளித் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெள்ளை ஓடு பதித்த சுவர். தரையின் நடுவில் தண்ணீர் போக ஒரு சல்லடை மூடி. இரண்டு எஃகு மேஜைகள். எதிர்ச் சுவர் முழுக்க இழுப்பறைகள். ஓரத்தில் ஒரு சின்ன மேஜையில் ரைட்டர், அதாவது பதிவேடு எழுதுகிறவர், பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்.

"மார்ச்சுவரின்னு சொல்லலியா அவரு?" என்று ரைட்டர் கேட்டார்.

"துணி மடிக்கிற வேலைன்னாரு."

"துணியும் மடிக்கணும். உள்ள ஆளையும் வச்சு மடிக்கணும். பயமா இருக்கா?"

"தெரியல."

"அப்ப நாளைக்கு வாங்க. பயமே இல்லன்னு சொன்னவன் எல்லாம் மத்தியானத்துக்கு மேல நின்னதில்ல."

வீட்டில் போய், ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். பொய் இல்லை. மீதியை மென்று விழுங்கிவிட்டார்.

முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது. ஐம்பது வயது மனிதர் ஒருவரை எடுத்துப்போக அவர் மனைவியும் தம்பியும் வந்திருந்தார்கள். மீட்டர் உடலைத் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏற்றிவிட்டார். பிறகு பழக்கதோஷத்தில் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, "போயிட்டு வாங்க, அடுத்த தடவையும் கண்டிப்பா நம்மகிட்டயே வாங்க" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்தது. தம்பிக்காரன் திரும்பி வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். ரைட்டர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். அப்போது அந்த அம்மாள்தான், "விடு, தம்பி" என்றார். "நாலு நாளா இந்த ஆஸ்பத்திரியில தள்ளி நில்லு, கையெழுத்துப் போடு, இந்த ரெண்டுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு மனுஷன் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்றாரு. சொல்லிட்டுப் போறாரு, விடு."

அன்று முழுக்க மீட்டர் கூனிக் குறுகிப்போனார். ஆனால் அந்த அம்மாள் சொன்னதும் மனதில் தைத்துவிட்டது. இங்கே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. என்ன வார்த்தை? நம் பேச்சில் யாரை அனுப்பினாலும் வரச்சொல்லித்தான் அனுப்ப முடியும். "வாங்க" இல்லாமல் வெறும் "போங்க" என்றால் விரட்டுவது ஆகிவிடும். இங்கேயோ யாரையும் திரும்பி வரச்சொல்ல முடியாது. இருபத்து நான்கு வருடம் வாயால் பிழைத்தவர் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு கதவை மட்டும் திறந்துவிட்டார். பிறகு ஒருநாள், தள்ளாடிக்கொண்டு படியேறிய ஒரு பெரியவரைப் பார்த்துத் தானாகவே வந்தது: "பாத்துப் போங்க." பெரியவர் நின்று, திரும்பி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதையே சொன்னார்.

அவருக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. இதை வெளியே சொன்னால் எல்லோரும் காறித் துப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கடையில் நாற்பது கட்டுத் துணியைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம் முகம் கோணாமல் நின்று பழகியவர். இங்கே சிலர் வாசல்வரை வந்து உள்ளே வரமாட்டார்கள். சிலர் பார்த்துவிட்டுப் போய், மறுபடி வந்து, இன்னொரு தரம் காட்டுங்கள் என்பார்கள். ரைட்டர் சலித்துக்கொள்வார். மீட்டர் அவசரப்படுத்த மாட்டார். "முகத்த மட்டும் பாக்கறீங்களா, கையும் பாக்கணுமா?" என்று கேட்பார். அப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்று அதுவரை அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. தலையை வாரிவிடுவார். எந்தப் பக்கம் வகிடு என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வார். உடலைப் பார்த்த மாத்திரத்தில் துணியை அளவாக வெட்டி, சுருக்கம் விழாமல் சுற்றுவார். கடையில் அவரிடம் துணி வாங்கியவர்களில் யாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. இங்கே வாரத்துக்கு ஒருவராவது பிடித்துக்கொண்டார்கள்.

உண்மை வீட்டுக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று. மருமகனோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அப்பா இறந்துபோக, மருமகனும் கூட வந்திருந்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் மாமனார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் தன் ஐந்து மாதக் குழந்தையோடு வந்தாள். வழக்கம்போல இவர் கையை நீட்டினார். மகள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குளிச்சிட்டேம்மா" என்றார் அவர்.

"குளிச்சா போயிடுமாப்பா?"

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போயிற்று. "துணின்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார்.

மகள் கெட்டவள் இல்லை. அழுதுகொண்டுதான் பேசினாள். "உங்க மாப்பிள்ளை ஒரு ஷோரூம்ல பேசி வச்சிருக்காரு. வாசல்ல நின்னு வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும். அந்த வேலைய விட்டுட்டு வந்து இவனத் தூக்கிக்கோங்கப்பா. அது வரைக்கும் என்னால முடியல. எனக்குப் பயமா இருக்கு."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றே நினைத்தார். பேரன் அவர் மூக்கைப் பிடித்து இழுப்பான். அவனுக்காக எதையும் விட்டுவிடலாம். மறுநாள் ரைட்டரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனார்.

மறுநாள் முதலில் வந்தவர் முப்பது வயதுக்காரர், தனி ஆள். அம்மாவை எடுத்துப்போக வந்திருந்தார். துணையாக யாரும் இல்லை. மீட்டர் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். அந்த ஆள் ஓர் அடி தள்ளியே நின்றார். கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, திருடன் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "தொடலாமா?" என்று கேட்டார்.

"உங்க அம்மாதானே. தொடுங்க."

"ஜில்லுனு இருக்குமா?"

"இருக்கும். கொஞ்ச நேரம் கைய வச்சிருந்தீங்கன்னா தெரியாது." சொல்லிவிட்டு, தானே முதலில் அந்த அம்மாளின் நெற்றியில் கையை வைத்துக் காட்டினார். அந்த ஆள் பக்கத்தில் வந்து, அவர் கை எடுத்த இடத்தில் தன் கையை வைத்தார். அரைமணி நேரம் அப்படியே நின்றார். ரைட்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார். மீட்டர் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஆள் போன பிறகு நடைபாதைக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார். "அந்த ஷோரூம் வேலைக்கு நான் போகலம்மா."

மறுமுனையில் குழந்தை ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "சரிப்பா" என்றாள் மகள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மனைவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைப் பார்க்கப் போய்வருவார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய் ஏற்றிவிட்டுத் திரும்புவார். மனைவி அவரோடு அளந்துதான் பேசினார். சாப்பாட்டைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார், கையில் கொடுப்பதில்லை. கட்டிலில் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விழுந்துவிட்டது. இவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வேலைக்குப் போகும் வழியெல்லாம் பேரன் நினைப்பாகவே இருந்தது. வேலையில் இருக்கும்போது மட்டும் மறந்திருந்தார். அது இன்னும் குற்றமாகப் பட்டது.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தார். பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுந்து நிக்கறான்" என்றார். "சுவத்தப் பிடிச்சுக்கிட்டு."

"விழுந்துடப்போறான்."

"விழறான், எழுந்துக்கறான்." பையைக் கீழே வைத்தார். "அவன ஒரு தரம் கூட்டிட்டு வான்னு அவகிட்ட இன்னிக்கும் கேட்டுப் பாத்தேன். பிடி குடுக்க மாட்டேங்கறா."

"விடு. அவளுக்குப் பயம். பயப்படறவங்கள என்ன சொல்றது?"

"வர்ற வழியில பஸ்ல எனக்குத் தலை சுத்திக்கிட்டு வந்துது. ஒண்ணும் இல்ல, வெயில்தான். ஆனா அப்ப ஒண்ணு தோணுச்சு." அவர் பார்வை தரையில் இருந்தது. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பாக்கணும். வேற எவன் கையிலயும் குடுத்துடாதீங்க."

மீட்டர் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று, "அப்ப நான் முந்திக்கிட்டேன்னா?" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது விளையாட்டாக இல்லை. இத்தனை பேருக்குச் செய்தவருக்கு அந்தக் கேள்வி அதுவரை வந்ததே இல்லை. ரைட்டர் பிஸ்கெட் கையோடு பேனாவைத் தேடுவதும், எவனோ ஒருவன் துணியைச் சுருட்டி மேலே போடுவதும் கண்முன்னே வந்தது.

மனைவி எழுந்து சமையலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவர் பக்கத்தில், முழங்கால் இடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்தார்.

"எப்படிச் செய்யறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு மறதி அதிகம்."

"முதல்ல மூக்குக் கண்ணாடிய எடுக்கணும்" என்றார் அவர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மனைவி கையை நீட்டி, அவர் காதுகளில் படாமல் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.