கப்பலுக்குள் பின்பக்கமாகப் போன கார்

எங்கள் வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்தவர் அம்மா ஒருவர்தான். அப்பா அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. "கொம்மா நல்லாத்தான் ஓடுவா, ஆனால் பக்கத்திலை ஒரு ஆள் இருக்கவேணும்" என்பார். அந்த ஆள் அவர்தான். எங்கே கியர் மாற்றுவது, எங்கே பிரேக் பிடிப்பது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடுவார்.

வன்னியில் அப்பா மீசை முளைக்க முதலே ட்ரக்டர் ஓடியவர். சேற்றில் புதைந்த ட்ரக்டர்ப் பெட்டியை இழுக்க அயலூர்க்காரரும் அவரைத்தான் தேடி வருவார்களாம். இத்தாலிக்கு வந்த பிறகு பலேர்மோவில் அவருடைய அந்தக் கெட்டித்தனத்தை ஒருவரும் கேட்கவில்லை, இத்தாலிய மொழியில் ஒரு கேள்வித்தாளைத்தான் நீட்டினார்கள். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டார். அம்மா கால்சாப் பகுதியில் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்து வந்தார். பகல் முழுக்க அந்த மனுசியோடு கதைத்துக் கதைத்தே அவருக்கு மொழி பிடிபட்டுவிட்டது. முதல் தரமே பாஸ். சிஞ்ஞோரா ஓட ஏலாமல் நிறுத்தி வைத்திருந்த பழைய காரும் பிறகு எங்களிடமே வந்து சேர்ந்தது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாப்போலியில் மாமாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. கடல் கடந்து, காரோடு இரவுக் கப்பலில் போனோம். போகும்போது ஒரு கரைச்சலும் இல்லை. திரும்பி வரும்போதுதான் வந்தது வினை. வெயில் தாழாத பின்னேரம். கப்பல் வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் எங்களை மறித்து, காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றச் சொன்னார். அப்படி ஏற்றினால் காலையில் பலேர்மோவில் நேரே வெளியே ஓடலாமாம்.

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. கார் இரண்டு தரம் நின்றது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"இறங்கும், நான் எடுக்கிறன்" என்றார் அப்பா.

வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர் நின்றார்கள். இந்த நாட்டில் இருப்பதற்கான எங்கள் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்துப் போலீஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்த நேரம் அது. பெர்மெஸ்ஸோ என்ற சொல் வந்தாலே வீட்டில் குரல்கள் தணிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. "நீங்கள் பின்னுக்கு நிண்டு கை காட்டுங்கோ. நான் பாத்து எடுக்கிறன்" என்றார்.

அப்பா இறங்கி ஓடிப்போய் நின்று கை காட்டினார். அம்மா அவர் காட்டிய பக்கமே திருப்ப, கார் கம்பியில் இடிக்கப் பார்த்தது. மஞ்சள் சட்டைக்காரர் கத்தினார். பெட்டி கொழுவிய ட்ரக்டரைப் பின்னுக்கு எடுப்பதென்றால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டுமாம். அப்பாவின் கைகளுக்கு அந்தக் கணக்குத்தான் பழக்கம். அதற்குப் பிறகு அம்மா மற்றப் பக்கக் கண்ணாடியில் மஞ்சள் சட்டைக்காரரின் கையைத்தான் பார்த்தார். பின் இருக்கையில் முழங்காலில் நின்ற எனக்கு இரண்டு பக்கமும் வடிவாகத் தெரிந்தது. அப்பா முழு உடம்பாலும் கை காட்டிக்கொண்டிருக்க, கார் நேராக உள்ளே போய் நின்றது.

கப்பலின் மேல்தட்டில், பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டோம். அப்பா அவர்களுக்குக் கதை சொன்னார். தன் மனுசி பயந்து போனாவாம், தான்தான் கை காட்டி ஏற்றினாராம். அம்மா சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டே, "ஓம், இவர் இல்லாட்டிக் கார் கடலுக்குள்ளைதான்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய். அம்மா உங்களைப் பாக்கவேயில்லை. மஞ்சள் சட்டைக்காரரைத்தான் பாத்தவா. நீங்கள் பிழையாக் காட்டினீங்கள்."

அந்தக் குடும்பத்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு, கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனவர் சாப்பிட வரவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அம்மாவின் பக்கம் நின்று உண்மை பேசிய எனக்குத்தானா இந்தத் தண்டனை என்று அழுதபடியே தூங்கினேன்.

காலையில் பலேர்மோ துறைமுகம். அப்பா முன் இருக்கையில் ஏறிப் பெல்ட்டைப் போட்டார். கியரைப் பற்றியும் பேச்சில்லை, கண்ணாடியைப் பற்றியும் பேச்சில்லை. கதவு திறந்தது. முன்னால் நின்ற கார்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு வளைவும் இல்லாத நேர்ப்பாதை. அம்மா மட்டும் காரை எடுக்காமல் இருந்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. இறங்கி முன்னுக்கு நடவுங்கோ. நீங்கள் கை காட்டினால்தான் எடுப்பன்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு இறங்கினார். ஆட்கள் அதில் நடக்கக் கூடாது என்று கப்பல்காரன் ஒருவன் சத்தம் போட்டான். அம்மா தலையை வெளியே நீட்டி, என் கணவர் இல்லாமல் என்னால் ஓட முடியாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி இத்தாலிய மொழியில் சொன்னார். பின்னால் ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது. அப்பா எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, இரண்டு கைகளாலும் வா வா என்று காட்டினார். அம்மா அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க, கார் ஊர்ந்தது.

நேர்ப்பாதையில் என்ன பயம் என்று கேட்டேன். வாயைப் பொத்து என்றார் அம்மா. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. இவ்வளவு பயமென்றால் அப்பா சொல்வதுதான் சரி, அம்மாவுக்கு உண்மையிலேயே கார் ஓடத் தெரியாது என்று அன்று காலை நான் முடிவு கட்டிவிட்டேன்.